பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில்

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு வீடு. எட்டாம் மாதம் வயிற்றிலேயே பிள்ளை தவறிவிட்டது. துண்டில் சுற்றி வாங்கிய பெரியவர்கள் நேராகத் தோட்டத்துக்குப் போய் அடக்கம் செய்துவிட்டார்கள். "பார்த்தா மறக்க முடியாது தாயி" என்று பெற்றவளிடம் காட்டவே இல்லை. பார்க்காவிட்டால் மட்டும் மறந்துவிடுமா? கேட்டால் காட்டுங்கள், வேண்டாமென்றால் விடுங்கள். அவளைக் கேட்காமல் மாமன் மச்சான் கூடி முடிவெடுப்பதுதான் எனக்கு ஆகவில்லை.

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஜாக்கெட் நனைந்து நின்றவள், "இது யாருக்கு அத்தே?" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை. குளிர்ந்த துணியால் ஒத்தடம் கொடுக்கலாம். வலி தாங்காவிட்டால் கொஞ்சமாகப் பீய்ச்சலாம், முழுக்க எடுத்தால் மறுபடி சுரக்கும். காய்ச்சலோ சிவப்போ இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம் காகித வேலை. சொந்தத்தில் யாராவது ஒருவர் எடுத்துச் செய்யுங்கள். 28 வாரம் ஆன பிள்ளை இறந்து பிறந்தாலும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்தால் அவர்களே தகவல் கொடுக்க வேண்டும், கொடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிற பெண்ணா? மகப்பேறு நலனுக்கான சட்டத்தில் இறந்து பிறந்த பிள்ளையும் பிள்ளைதான், அதனால் பிரசவ விடுப்பு உண்டு. 26 வாரத்துக்குள் கலைந்திருந்தால் சம்பளத்தோடு ஆறு வாரம். கம்பெனிக்காரர்கள் தானாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

வளைகாப்பு வளையலை எப்போது கழற்றுவது என்பதையும் அவளிடமே விடுங்கள்.

அவள் புருஷனிடம் எல்லாரும் "அவ எப்படியிருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். துக்கம் கேட்கப் போகிறவர்கள் அவனையும் ஒரு டீக்கடைக்குக் கூட்டிப் போய்ப் பேசவிடுங்கள். அடுத்த பிள்ளை பேச்சு மட்டும் இப்போது வேண்டாம்.