வொல்லாரின் கையில் இரண்டு புள்ளிகள்
பாரிஸில் பெத்தி பலே அருங்காட்சியகத்தில் எனக்குக் காவல் பணி. நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது என்பதால், மழைக்கு ஒதுங்குகிறவர்கள் முதல் ஓவிய மாணவர்கள் வரை எல்லோரும் வருவார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் நிற்காமல் தாண்டிப் போகிற படம் ஒன்று உண்டு. பிரெஞ்சு ஓவியர் போல் செசான் 1899இல் தைலவண்ணத்தில் வரைந்த அம்ப்ருவாஸ் வொல்லாரின் உருவப்படம். தள்ளி நின்று பார்த்தால், தாடி வைத்த ஒருவர் பழுப்புக் கோட்டுப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

கிட்டே போக வேண்டும். நெற்றியும் கன்னமும் காவி, செம்மை என்று சின்னச் சின்னத் தீற்றல்களாகப் பிரிந்துவிடும். அப்புறம் வலது கையைப் பாருங்கள், விரல் முட்டிப் பக்கம் இரண்டு சின்ன இடங்களில் வண்ணமே இல்லை, கித்தான் அப்படியே தெரிகிறது.

வொல்லார் ஓவிய வணிகர், 1895இல் செசானுக்கு முதல் தனிக் கண்காட்சி வைத்தவர். இந்தப் படத்துக்காக 115 முறை உட்கார்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஆட்டம் காணும் பெட்டிமேல் நாற்காலி, அதன்மேல் இவர், அசையவே கூடாது. ஒருநாள் தூங்கிக் கீழே விழுந்தபோது, ஆப்பிள் அசையுமா என்று செசான் திட்டினாராம். கையில் விடுபட்ட அந்த இடங்களைப் பற்றிக் கேட்டதற்கு, லூவ்ர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் போய்ப் பார்த்துப் படித்தால் நாளைக்குச் சரியான நிறம் கிடைக்கலாம், கண்டபடி எதையாவது வைத்தால் அங்கிருந்து முழுப் படத்தையும் திரும்பப் போட வேண்டியிருக்கும் என்றாராம். கடைசியில் படத்தை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். சட்டையின் முன்பக்கம் மட்டும் பரவாயில்லை என்று ஒரு வார்த்தை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு வேலை நேரத்தில் அந்தச் சட்டையைத்தான் அதிகம் பார்க்கிறேன். சுற்றிலும் அத்தனை பழுப்பு, நடுவில் இது ஒன்றுதான் வெளிச்சம். அதுவும் சுத்த வெள்ளை இல்லை, சாம்பல் ஓடுகிறது. வெள்ளையைக் கொஞ்சம் கூட்டினாலும் முகம் மங்கிப்போகும் என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் ஒரு புள்ளிக்கு அவர் ஏன் அவ்வளவு பயந்தார் என்பது அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் எனக்குப் பிடிபட்டது. முடிக்காத படம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. நிச்சயமாகத் தெரியாத நிறத்தை வைக்க மறுத்தவர் அவர்.

சின்ன அச்சுப் பிரதிகளில் அந்தப் புள்ளிகள் கண்ணுக்கு அகப்படுவதே இல்லை. நேரில் வந்தால், முகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் கைக்கு நேராக நில்லுங்கள். படத்தைத் தொடாமல் குனிந்து பார்க்கிறவரை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.