நான்கு சபைகள் சேர்ந்து ஒரு மிஷனரி குடும்பத்தைத் தாங்க நாங்கள் பட்ட பாடு

ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில், ராஜ்மகால் மலையில் மால்டோ என்னும் பழங்குடி மக்கள் நடுவே ஊழியம் செய்யும் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பெங்களூரில் எங்கள் பக்கத்து நான்கு தமிழ்ச் சபைகள் தாங்கி வருகின்றன. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே. எல்லாம் லிங்கராஜபுரம், அல்சூர் சுற்றுவட்டாரம்தான். ஆளாளுக்குத் தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருந்ததைச் சேர்ந்து செய்யலாம் என்று கிளம்பினோம். இன்று அது ஒழுங்காக நடக்கிறது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நடுவில் அலைந்த அலைச்சல் இன்னும் மனதில் ஆறவில்லை. இதே எண்ணத்தோடு இருக்கும் சபைகளுக்கு உதவும் என்றே எழுதுகிறேன்.

ஏன் சேர வேண்டும் என்பதை மிஷனரியின் மனைவி ஒரு முறை போனில் சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. டிசம்பரில் நான்கு சபையிலிருந்தும் கிறிஸ்துமஸ் காணிக்கை, புடவை, போர்வைப் பார்சல் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேரும். ஜூனில் தமிழ்நாட்டு விடுதியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் ஒருவரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். "அண்ணா, போர்வை நிறைய இருக்கு. பீஸ் கட்டத்தான் கடைக்காரர்கிட்ட கடன் வாங்கினோம்" என்றார். அடுத்த மழைக்காலத்தில் அவருக்கே காலா அசார் வந்தது. மணல் ஈ கடித்துப் பரவும் அந்தக் காய்ச்சல் அந்தப் பகுதியில் பழைய எதிரி. பணம் கேட்டு வந்த செய்திக்கு நான்கு சபையும் ஒரே பதிலைத்தான் சொன்னது: "அடுத்த கமிட்டியில் வைக்கிறோம்."

சரி, பொதுவாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கி எல்லாரும் அதில் போடுவோம் என்று தீர்மானித்தோம். அங்கேதான் தொல்லை ஆரம்பம். கணக்கின் பெயரில் 'மிஷனரி' என்ற சொல்லைப் பார்த்ததும் கவுண்டரில் இருந்தவர் எஃப்சிஆர்ஏ சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார். எஃப்சிஆர்ஏ வெளிநாட்டுப் பணத்துக்கான சட்டம், எங்களுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை உண்டியலும், வீடுகளில் ஒதுக்கிவைத்துக் கொடுக்கும் கைப்பிடி அரிசி விற்ற காசும்தான் என்று எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. பிறகு பதிவு செய்த டிரஸ்ட் பத்திரம் கேட்டார். பதிவு செய்யாத சங்கத்துக்கும் நிர்வாகக் குழுவின் தீர்மானம், பான் எண், கையெழுத்திடுபவர்களுக்கான அதிகாரப் பத்திரம், அவர்களுடைய அடையாளச் சான்று இருந்தால் கணக்கு தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) விதியிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் மேலாளரிடம் காட்டிய பிறகே விண்ணப்பப் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். நீங்கள் போகும்போது முதல் நாளே அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்புறமும் முடியவில்லை. எங்கள் ஆயர் எல்லா இடத்திலும் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். அவருடைய பான் அட்டையில் ஆங்கிலக் கையெழுத்து. பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதைச் சரிசெய்து முடிக்கும்போது மே மாதம் வந்துவிட்டது. மே என்றால் ஆயர்கள் மாற்றம். கையெழுத்து அதிகாரம் பெற்ற இரண்டு பேர் வேறு சபைக்குப் போய்விட்டார்கள். மறுபடி தீர்மானம், மறுபடி நான்கு கமிட்டி. கணக்கு கடைசிவரை திறக்கவே இல்லை.

இதற்கிடையில் பெரிய ஆபத்து ஒன்றிலிருந்து நூலிழையில் தப்பினோம். ஒரு சபை அங்கத்தினரின் மகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். நல்ல மனதோடு சபைக் கணக்குக்கே பெரிய தொகை அனுப்பத் தயாராக இருந்தார். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டிலிருந்து தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் குடியுரிமை மாறியவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவர் கொடுப்பதை எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே, டில்லி பாராளுமன்ற வீதியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் அதற்கென்று தொடங்கிய கணக்கில்தான் வாங்க முடியும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. அந்தத் தம்பியை, பணம் அனுப்ப இருந்ததற்கு முந்தின நாள் இரவு போனில் பிடித்து நிறுத்தினோம். உங்கள் சபைப் பொருளாளரிடம் இதை இன்றே சொல்லிவையுங்கள். அறியாமல் வாங்கினால்கூட மாட்டிக்கொள்வது சபைதான்.

வழி பிறந்தது லுத்தரன் சபை அக்கா ஒருவரால். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் சலித்துப்போய் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், "ஏன் தம்பி, பணம் நம்ம கையில வந்து தங்கணும்னு யார் சொன்னது?" என்று கேட்டார். அந்தக் குடும்பத்தை அனுப்பிய மிஷனரி சங்கம் பதிவான சங்கம். அதற்கென்று கணக்கும் ரசீதும் தணிக்கையும் இருக்கின்றன. நாம் பணத்தைக் குவிக்க வேண்டாம், பொறுப்பைப் பங்கிட்டால் போதும் என்றார். ஞாயிறு ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் பன்னிரண்டு மாதங்களைக் கோடு போட்டு, எந்த மாதம் எந்தச் செலவு வருகிறது என்று எழுதினார். அந்தத் தாளைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறோம். மாதச் சம்பளம் ஒரு சபை, பிள்ளைகள் படிப்பு ஒரு சபை, மருத்துவக் காப்பீடும் அவசரச் செலவும் ஒரு சபை, வண்டி, பயணம், வீட்டு வாடகை ஒரு சபை. அவரவர் சபைக் கணக்கிலிருந்து நேராகச் சங்கத்துக்கு, குடும்பத்தின் பெயரைக் குறிப்பிட்டுப் போகும். அவசரச் செலவுக்கு மட்டும் கமிட்டியைக் கேட்காமலே அனுப்பப் பொருளாளருக்கு முன்கூட்டி அதிகாரம் கொடுத்தோம். அந்த ஒரு வரித் தீர்மானத்தை விட்டுவிடாதீர்கள்.

சம்பளத்தை ஏற்க எல்லாரும் முன்வந்தார்கள், வண்டி ரிப்பேரை ஏற்க ஆள் இல்லை. சம்பளம் என்றால் 'எங்கள் மிஷனரி' என்று பலகையில் எழுதலாமே! எனக்கு அன்று உண்மையிலேயே கோபம் வந்தது. கடைசியில் பெந்தெகொஸ்தே சபைப் பாஸ்டர், "வண்டி ஓடலைன்னா ஊழியமும் ஓடாது, நாங்க எடுத்துக்கிறோம்" என்று முடித்துவைத்தார்.

அதைவிடக் கடினமானது ஞானஸ்நானப் பேச்சு. குழந்தை ஞானஸ்நானமா, முழுக்கு ஞானஸ்நானமா, அங்கே விசுவாசத்துக்கு வருபவர்கள் யார் சபை என்று ஒரு மாலை முழுக்கப் போனது. ஓய்வு பெற்ற ஆயர் ஒருவர்தான் பழைய கதையை எடுத்தார். 1903-இல் திருநெல்வேலிச் சபையார் தங்கள் சொந்தக் காணிக்கையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் பல சபைப் பிரிவினரும் கூடித் தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, வேதநாயகம் சாமுவேல் அசரியா அதன் செயலர். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அவர்கள் கொள்கை. புதிய சபைப் பிரிவைத் தொடங்காமல், அந்தந்த வட்டாரத்தில் ஏற்கனவே உள்ள சபையோடு விசுவாசிகளைச் சேர்த்துவிட்டார்கள். "அவங்களுக்கு நூறு வருஷம் முன்னாலேயே முடிஞ்சது, நமக்கு ஏன் முடியாது?" என்றார் ஐயா. பணித்தளத்துக் காரியங்களைச் சங்கமே தீர்மானிக்கட்டும், எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று எந்தச் சபையும் கேட்பதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டோம்.

அறிக்கை விஷயமும் அப்படியே. முன்பெல்லாம் மிஷனரி மாதாமாதம் நான்கு கடிதம், நான்கு விதப் புகைப்படம் அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரே கடிதம், நான்கு சபையிலும் அதையே வாசிக்கிறோம். கிராமத்து மக்களின் முகம் தெரியும் படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் போடக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஜார்க்கண்டில் 2017-இல் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மதச் சுதந்திரச் சட்டம் வந்திருக்கிறது. நாம் இங்கே ஆசையாகப் பகிரும் ஒரு படத்தால் அங்கே ஒரு குடும்பம் விசாரணைக்கு அலைய நேரிடலாம்.

அவர்கள் விடுமுறைக்கு வந்தால் ஒயிட்ஃபீல்டிலிருந்து கெங்கேரிவரை வீடு வீடாக ஜெபத்துக்கு இழுத்தடிப்பதையும் நிறுத்திவிட்டோம். ஒரே மிஷனரிக் கூட்டம், நான்கு சபையும் அங்கே வரும். மற்ற நாட்களில் அவர்கள் தூங்கட்டும், பிள்ளைகளோடு இருக்கட்டும்.

இந்த ஜூனில் பள்ளி திறக்கும் முன்பே கட்டணம் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி ஒவ்வொரு ஏப்ரலிலும், ஆயர்கள் மாறுவதற்கு முன்பாக, அக்காவின் அந்த அட்டவணையை நான்கு கமிட்டியின் நடவடிக்கைக் குறிப்பிலும் ஏற்றிவிடுவதாக முடிவு. புதிதாக வருகிற ஆயருக்கு முதல் வாரமே அதன் நகல் ஒன்று கைக்குப் போய்விடும்.