அடைத்தபின் திறக்க முடியாத கொள்கலன்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், நோர்ட்டன் பக்கங்களில் வெல்டிங் பரிசோதனை என்றால் பெரும்பாலும் நீர்மின் நிலையங்களுக்குத் தண்ணீர் இறக்கும் இரும்புக் குழாய்களும் தேயிலைத் தொழிற்சாலைப் பொயிலர்களும்தான். இவற்றில் ஒரு வெடிப்பு கண்ணுக்குத் தப்பினாலும், அடுத்த முறை நிறுத்தும்போது மறுபடி பார்க்க வழியுண்டு. சுவீடனும் பின்லாந்தும் பயன்படுத்திமுடித்த அணு எரிபொருளுக்காக வடிவமைத்துள்ள செம்புக் கொள்கலன்களுக்கு அந்த வழி இல்லை. 400 மீற்றருக்கும் கீழே, பாறைக்குள், பெந்தனைற்றுக் களிமண் சூழ வைத்தபின் அவற்றின் அருகே எந்தப் பரிசோதகரும் போகப்போவதில்லை.

கொள்கலனின் செம்புச் சுவர் 5 சென்ரிமீற்றர் தடிப்பு, உள்ளே வார்ப்பிரும்பு, நிரம்பினால் சுமார் 25 தொன். மூடியைப் பொருத்தும்போது செம்பு உருகுவதில்லை. சுழலும் கருவியொன்று உராய்வினால் உலோகத்தை இளக்கி, இரு பக்கத்தையும் கலந்து ஒன்றாக்குகிறது. ஆகவே உருக்கி ஒட்டும்போது உள்ளே சிக்கிக்கொள்ளும், நாம் தேடிப் பழகிய கசடுக்கு அங்கே வேலையில்லை. கவலை தருவது வேறொன்று: மூடியும் சுவரும் சந்தித்த பழைய கோடு முழுவதும் கலையாமல், கருவியின் இழுப்பில் கொக்கியாக வளைந்து ஒட்டுக்குள் நின்றுவிடலாம். அதன் இரு முகங்களும் நெருங்கிக் கிடப்பதால், கதிர் வரும் திசைக்குக் குறுக்காக அமைந்துவிட்டால் எக்ஸ்ரே படத்தில் அது தெரிவது அரிது.

அதனால்தான் மீயொலியும், அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை உலோகத்துக்குள் அனுப்பி எதிரொலியைப் பார்க்கும் முறையும், வேண்டியிருக்கிறது. ஆனால் செம்பின் பருத்த மணிகள், அதாவது அந்த உலோகத்தை ஆக்கியுள்ள நுண்படிகங்கள், ஒலியைச் சிதறடிக்கின்றன. துருப்பிடிக்காத உருக்கு வெல்டிங்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கருவித் திரையின் அடியில் புல் முளைத்ததுபோல் இரைச்சல் எழும்பி, உண்மையான எதிரொலியை மூடிவிடும். அதிர்வெண்ணைக் கூட்டினால் சிதறல் கூடும், குறைத்தால் சிறிய குறை நழுவும். ஒலிக்கற்றையின் கோணத்தை மின்னணு முறையில் திருப்பும் பல்கூற்று புரோப் (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் தலை) இந்தச் சிக்கலைக் குறைக்கிறதே தவிர, நீக்குவதில்லை. நிரம்பிய கொள்கலன் கதிர்வீசுவதால் கையால் புரோப் பிடிக்கவும் முடியாது. எல்லாம் தொலைவிலிருந்து, இயந்திரத்தாலேயே.

எனவே அங்கே கேட்கப்படுவது, எவ்வளவு சிறிய குறையைக் காணலாம் என்பதல்ல. எவ்வளவு பெரிய குறை தப்பக்கூடும் என்பது. சுவீடனின் ஒஸ்கர்ஷாம் ஆய்வகத்தில் மாதிரி ஒட்டுகளைப் பரிசோதித்து, பிறகு வெட்டிப்பார்த்து, கருவி காட்டியதையும் உள்ளே இருந்ததையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஒப்பீட்டிலிருந்துதான் குறையின் அளவுக்கேற்ப அது கண்டுபிடிபடும் நிகழ்தகவு கணிக்கப்படுகிறது.

நம்முடைய அறிக்கைப் படிவங்களில் ‘ஏற்கத்தக்கது’ என்ற ஒரு கட்டம் இருக்கிறது. கொங்கிறீற்றுத் தாங்கிக்குள் மறைந்து, புரோப் எட்டாமல்போன குழாய்ப் பகுதியைக் குறிப்பதற்குத்தான் கட்டம் இல்லை. நான் அதை ஓரத்தில் கையால் எழுதுகிறேன்.