பக்கத்து வீட்டுப் பூனைகள்

பவானியில் எங்கள் சந்தில், பக்கத்து வீட்டக்கா ஜமக்காளத் தறி ஓடும் கொட்டகையை ஒட்டி இரண்டு பூனைகள் வளர்க்கிறார். வளர்க்கிறார் என்பதே அதிகம். சோறு வைப்பார், தின்றுவிட்டு மறைந்துவிடும். ஒன்று கிடா மாதிரி கடுவன். மற்றது கருப்பு, வெள்ளை, செம்மண் கலந்தது. மூன்று நிறமென்றால் அநேகமாகப் பெட்டைதான்.

"ஏனுங்க்கா, நானும் தீனி வெக்கட்டுங்களா?"

"வெய்யி கண்ணு. தொட மட்டும் நெனைக்காத. எனக்கே புடி குடுக்காது."

பிறந்து 7 வாரத்துக்குள் மனிதக் கை பழகாத பூனை பெரும்பாலும் அப்படித்தான். பால் வைக்கவில்லை, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. கருவாடோ ஒரே உப்பு. அதனால் வெறுமனே வேகவைத்த மத்தி. தறிச் சத்தம் அடங்கும் மதியத்தில், அதே தட்டு, அதே மதிலோரம். வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். வெங்காயம் உரிக்கிற வேலையை மட்டும் அங்கே வைத்துக்கொள்வதில்லை, அது பூனைக்கு நஞ்சு. முறைத்தால் ஓடும், கண்ணை மெல்ல மூடித் திறந்தால் நிற்கும்.

பெட்டை இப்போது விரலை மோந்து பார்க்கிறது. கடுவன் இன்னும் உறுமல்தான்.

எனக்குக் கவலை வேறு. சினைக்காலம் 9 வாரம்தான், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். கருத்தடை செய்யலாமா என்று கேட்டேன்.

"நீ புடிச்சுக் குடு, ஆட்டோக் காசு நாந் தர்றேன்."

மூடி போட்ட கூடை வாங்கி, திறந்தபடி மதிலோரம் வைத்து அதற்குள்ளேயே மத்தியை வைக்கிறேன். பெட்டை கழுத்தை மட்டும் நீட்டித் தின்கிறது. கடுவன் உள்ளே போய்ப் படுத்தே விட்டான். சரி, முதலில் அவனுக்கே செய்துவிடலாம்.