இணைய லாட்டரியும் மாநிலச் சட்டமன்றங்களும்

அமெரிக்க மாநிலங்கள் லாட்டரிச் சீட்டை இணையத்தில் விற்க வழி திறந்தது, 2011 டிசம்பரில் அந்நாட்டு மத்திய அரசின் நீதி அமைச்சகம் வெளியிட்ட ஒரு சட்டக் கருத்துதான். இணையத்தில் லாட்டரி விற்கலாமா என்று இல்லினாய்ஸ், நியூயார்க் மாநிலங்கள் எழுப்பிய கேள்விக்கு, மாநில எல்லை தாண்டித் தொலைத்தொடர்பு வழியே பந்தயம் நடத்துவதைத் தடுக்கும் 1961ஆம் ஆண்டின் ஒயர் சட்டம் விளையாட்டுப் பந்தயங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று அது பதிலளித்தது. 2012 மார்ச்சில் இல்லினாய்ஸ் விற்பனையைத் தொடங்கியது.

இதில் நான் அதிகம் யோசிப்பது மினசோட்டாவைப் பற்றித்தான். சட்டமன்றம் வெளிப்படையாக அனுமதிக்காத நிலையிலேயே அங்குள்ள லாட்டரி நிர்வாகம் 2014இல், சுரண்டியதும் முடிவு தெரியும் சுரண்டல் சீட்டு விளையாட்டுகளை இணையத்தில் கொண்டுவந்தது. மறு ஆண்டே சட்டமன்றம் அவற்றை நிறுத்தியது. அந்த முடிவு சரியானது என்றே கருதுகிறேன், ஏனெனில் வீட்டுக்குள் இருந்தபடி நள்ளிரவிலும் பணம் கட்டிச் சில நொடிகளில் முடிவு பார்க்கும் சுரண்டல் விளையாட்டு, வாரம் இருமுறை குலுக்கலுக்காகக் கடையில் வாங்கும் சீட்டிலிருந்து தன்மையிலேயே வேறுபட்டது. அதை அனுமதிப்பதா என்பதை, வருவாய் இலக்கு வைத்திருக்கும் ஒரு துறை தானே தீர்மானிக்கக் கூடாது.

ஒயர் சட்டம் மற்ற சூதாட்டங்களுக்கும் பொருந்தும் என்று நீதி அமைச்சகம் பின்னர் தன் கருத்தை மாற்றிக்கொண்டபோது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் வழக்குத் தொடுத்து, 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வென்றது. எனவே பொறுப்பு இப்போது மாநிலங்களிடமே உள்ளது. வயதுச் சரிபார்ப்பு, வைப்புத்தொகைக்கு உச்சவரம்பு, விரும்புவோர் தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளும் வசதி ஆகிய மூன்றும் நிர்வாக விதிகளாக அல்ல, சட்டத்தின் வாசகமாகவே இடம்பெற வேண்டும்.