முடிவு தெரிந்த, முடியாத கதை

கரீன் என்ற பெண்ணின் கதையைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே, அவள் என்ன ஆகப்போகிறாள் என்பது எனக்குத் தெரியும். நாடே நடுங்கும் வீராங்கனையாவாள். ஒரு பிரபுவை மணப்பாள். மூன்று பெண்களைப் பெறுவாள். அவர்களில் கடைக்குட்டியான லூயிஸை ஒரே பார்வையில் வாயடைக்கச் செய்யும் தாயாக இருப்பாள். இத்தனையும் தெரிந்திருந்தும், அந்தக் கதை பாதியில் நின்றுபோனதுதான் நான் படித்த லைட் நாவல்களிலேயே (இளம் வாசகர்களுக்கான ஜப்பானியப் பொழுதுபோக்கு நாவல்கள்) என்னை அதிகம் வருத்தியது.

இந்தத் தாயின் கதையைச் சொல்ல மகளின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நோபொரு யமாகுச்சியின் 'ஜீரோ நோ ட்சுகைமா' 2004ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கியது. எந்த மந்திரத்தைச் சொன்னாலும் வெடிப்பு மட்டுமே நிகழ்வதால் 'ஜீரோ' என்று சக மாணவர்கள் கேலி செய்யும் லூயிஸ், தனக்கொரு துணை உயிரை வரவழைக்கும் சடங்கில் தவறுதலாக டோக்கியோவைச் சேர்ந்த சைட்டோ என்ற பள்ளி மாணவனை வரவழைத்துவிடுகிறாள். அந்தப் பெயரே ஒரு விளையாட்டு. பதினான்காம் லூயியின் அரசவையில் உண்மையிலேயே வாழ்ந்த லூயிஸ் த லா வாலியேரின் பெயரைத்தான் ஆசிரியர் இந்தச் சிடுமூஞ்சிச் சிறுமிக்குச் சூட்டியிருக்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் அடிதடியும் அசட்டுக் காதலும் நிறைந்த கதைதான். சில நகைச்சுவைக் காட்சிகளை இன்று படிக்கும்போது கூச்சமாகவும் இருக்கிறது. ஆனால் யமாகுச்சி விதையை ஓரிடத்தில் தூவி வேறோரிடத்தில் அறுவடை செய்பவர். லூயிஸ் வாழும் அந்த மந்திர உலகின் ஒரு கிராமத்தில், ஊரார் எவராலும் வாசிக்க முடியாத எழுத்துகள் பொறித்த கல்லறை ஒன்று இருக்கிறது. சைட்டோ அதன் முன்னால் நின்று தடையில்லாமல் படித்துவிடுகிறான், ஏனென்றால் அது ஜப்பானிய மொழி. அங்கே புதைக்கப்பட்டிருப்பவர் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானி. ஊரார் தெய்வப் பொருளாகக் காத்துவரும் பொருள் அவருடைய 'ஜீரோ' போர் விமானம். பட்டப்பெயராக வந்த சொல் இப்படி இறக்கை முளைத்துத் திரும்பி வந்த இடத்தில், இந்த எழுத்தாளரை இறுதிவரை தொடர்ந்து படிப்பது என்று முடிவு செய்தேன்.

இறுதிவரை எழுத அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. 20ஆம் தொகுதி 2011 பிப்ரவரியில் வந்தது. அதே ஆண்டு தமக்குப் புற்றுநோய் முற்றியிருப்பதை அவரே அறிவித்தார். 2013 ஏப்ரல் 4 அன்று, 41 வயதில் காலமானார். அவர் விட்டுச்சென்ற கதைத் திட்டத்தைக் கொண்டு வேறொருவர் எழுதிய கடைசி இரு தொகுதிகள் 2016, 2017ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. கல்கியின் மறைவுக்குப் பின் 'அமரதாரா'வை அவருடைய மகள் ஆனந்தி எழுதி முடித்ததை அறிந்த நமக்கு இது புதிய செய்தியல்ல. கதை சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது, அதற்கு நன்றியுடையவனாக இருக்கிறேன். ஆயினும் அந்த இரண்டு தொகுதிகளில் எல்லோருமே சற்று அவசரமாகப் பேசுவதாக எனக்குப் பட்டது. தேவையே இல்லாத வாக்குவாதம் ஒன்றை நான்கு பக்கம் இழுத்துச் சிரிக்கவைக்கும் தாராளம், அடுத்தவர் குறிப்பிலிருந்து எழுதுபவருக்கு வாய்க்காது போலும்.

கரீனின் கதைக்கு அந்த இரண்டாவது கையும் கிடைக்கவில்லை. லூயிஸின் காலத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நிகழும் அந்தக் கிளைக்கதையின் பெயர் 'காஸே நோ கிஷிஹிமே'. தலைப்பில் 'கடுங்காற்று' என்று பொருள்படும் எழுத்துகளைப் போட்டு, அதை வெறும் 'காஸே', அதாவது 'காற்று' என்று வாசிக்கச் செய்திருப்பார் யமாகுச்சி. பின்னாளில் புயலாகப் போகிறவள் இப்போதைக்குக் காற்றுதான் என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். வீரராக வேண்டும் என்ற ஒரே ஆசையோடு தலைநகருக்கு வரும் பெண், ஆண் வேடமிட்டு அரசுக் காவல் படையில் சேர்கிறாள். முன்கோபமும் அனுபவமின்மையும் சேர்ந்து அவளைப் படுத்தும் பாட்டைப் படிக்கும்போது, அவளுடைய மகளை ஏற்கெனவே அறிந்த வாசகனுக்குச் சிரிப்பை அடக்க முடியாது: அதே பிடிவாதம், அதே வெடுக்குப் பேச்சு.

வழக்கமாக, பாதியில் நிற்கும் தொடரில் முடிவு என்ன என்ற கேள்விதான் நம்மை அரிக்கும். இங்கே முடிவு கையில் இருக்கிறது, வழிதான் இல்லை. இந்தத் துடுக்குப் பெண் எந்த இழப்பில், யாருடைய சொல்லில், அந்த இறுகிய முகத்தைப் பெற்றாள் என்பதை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். இதையும் யாராவது எழுதி முடிக்கட்டும் என்று ஒரு காலத்தில் விரும்பினேன். கடைசி இரு தொகுதிகளைப் படித்தபின் அந்த விருப்பம் போய்விட்டது.

கிடைத்த பக்கங்கள் தீர்ந்தபின் நான் மூலத் தொடருக்கே திரும்பிப் போனேன். கட்டளையை மீறிய மகளைத் தண்டிக்க, முகத்தின் பாதியை இரும்பு முகமூடியால் மறைத்துக்கொண்டு, பழைய படைச் சீருடையில் கரீன் வந்து இறங்கும் காட்சி அங்கே இருக்கிறது. முதல் முறை படித்தபோது லூயிஸுக்காகப் பயந்தேன். இப்போது அந்தப் பக்கம் வந்ததும் லூயிஸை மறந்துவிடுகிறேன். முகமூடிக்குப் பின்னால், காவல் படையில் சேரத் தலைநகருக்கு வந்த அந்தப் பெண் தென்படுகிறாளா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.