டெனெரிஃபே போகிறீர்களா? ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்

டெனெரிஃபே தீவில் இரண்டு விமான நிலையங்கள், ஒன்று தெற்கில், ஒன்று வடக்கில். டிக்கெட் போடும்போதே இதைப் பார்த்துவிடுங்கள். அறை எடுத்த ஊர் எந்தப் பக்கம் என்று கவனிக்காமல் விட்டால், இறங்கியபின் பெட்டியோடு தீவின் மறுபக்கத்துக்கு அலைய வேண்டியிருக்கும். ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் இருந்தாலும் இது ஸ்பெயின்தான், இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும், அந்தப் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனில் குடியிருப்பவர்களுக்கும் அதேதான். நேரம் மட்டும் மாட்ரிட்டைவிட ஒரு மணி பின்னால்.

வடகிழக்குக் காற்று கொண்டுவரும் மேகம் மலையில் முட்டி வடக்குச் சரிவிலேயே நின்றுவிடுகிறது. அதனால் புவேர்த்தோ தே லா குரூஸ் பக்கம் வாழைத்தோப்பும் பச்சையுமாக இருக்கும், தெற்கே லோஸ் கிறிஸ்தியானோஸ் பக்கம் காய்ந்த பாறையும் வெயிலும். கடலில் குளிப்பது மட்டும்தான் வேலை என்றால் தெற்கு சரி. என்னைக் கேட்டால் இரண்டு நாளாவது வடக்கில் தங்குங்கள், லா லகூனாவின் பழைய தெருக்களில் ஒரு சாயங்காலம் நடங்கள்.

கார் எடுக்கவில்லையென்றால் கவலை வேண்டாம், பஸ் நன்றாகவே ஓடுகிறது. அதை அங்கே 'வாவா' என்கிறார்கள், நம் காதுக்கு யாரோ கூப்பிடுவது போலவே இருக்கும். நிறுத்தத்தில் சும்மா நிற்காதீர்கள், கையை நீட்டுங்கள். சில்லறை வைத்திருங்கள்.

இனி தெய்தே. 3,715 மீட்டர், ஸ்பெயினிலேயே உயரமான சிகரம். புவேர்த்தோவிலிருந்து 348 எண் வாவா காலையில் ஏறி மாலையில் திரும்பும். வாழைத்தோப்பு முடிந்து பைன் காடு, அப்புறம் பத்தடி தள்ளி எதுவும் தெரியாத மூடுபனி, திடீரென்று மேகம் முழுக்க காலுக்குக் கீழே போய்விட்டது. கேபிள் கார் 3,555 மீட்டரில் விடுகிறது. கீழே கடற்கரையில் வேர்த்துக்கொண்டிருந்தோமே என்று அம்மாவை வெறும் பருத்திப் புடவையிலும் செருப்பிலும் கூட்டிப்போனது என் தப்பு. இறங்கிய ஐந்தாவது நிமிடம் அவருக்கு மூச்சு வாங்கியது, விரலெல்லாம் சில்லிட்டது, ஒரு பாறையோரம் உட்காரவைத்து என் சட்டையைப் போர்த்திவிட்டு அடுத்த வண்டியிலேயே இறக்கிக்கொண்டு வந்தேன். வயதானவர்களோ இதய நோய் உள்ளவர்களோ கூட இருந்தால் தயவுசெய்து யோசித்துச் செய்யுங்கள். உச்சிவரை நடக்க முன்னதாகவே அனுமதி வாங்கவேண்டும், காற்று பலமாக அடித்தால் கேபிள் கார் ஓடாது, ஆகவே கடைசி நாளுக்கு இதை வைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு 'பாபாஸ் அர்ருகாதாஸ்' கேளுங்கள். சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு நிறைய உப்பில் வேகவைத்து, தோல் சுருங்கி உப்பு வெள்ளையாய்ப் பூத்திருக்கும்போது தருகிறார்கள், தொட்டுக்கொள்ள 'மோஹோ', சிவப்பும் பச்சையும். சிவப்பில் மிளகாயும் பூண்டும் இருக்கும், நம் நாக்குக்குப் பிடித்துவிடும். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'கோஃபியோ' விஷயத்தில் கவனம்: அது வறுத்து அரைத்த தானிய மாவுதான், ஆனால் 'எஸ்கால்தாதோ' என்று வந்தால் பெரும்பாலும் மீன் சாற்றில் கிண்டியது. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, மீனும் வேண்டாம், ஹாமும் (பதப்படுத்திய பன்றி இறைச்சி) வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

கடலில் சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைக்கக்கூட இறங்காதீர்கள், வடக்கில் அலை மோசமாக இழுக்கும். கறுப்பு மணல் மதியத்தில் சுடும், செருப்பு அங்கேதான் வேண்டும். அவசரத்துக்கு 112. தெய்தே பூங்காவிலிருந்து ஒரு சின்னக் கல்லைக்கூட எடுத்துவராதீர்கள், அதற்குத் தடை இருக்கிறது.